வெயிலுக்குப் புதுசாக வந்தவர்கள்

கோவையில் பிறந்து வளர்ந்த நமக்கு இது 'குளுகுளு' ஊர். சென்னை உறவினர்கள் வந்தால் பெருமையாகச் சொல்லிக் கொள்வோம். இதே ஊருக்கு வந்து, "ஐயோ, அடுப்புக்குள்ளே இறக்கி விட்டுட்டாங்களே!" என்று அழுதவர்களும் உண்டு. என் மாமியார் அவர்களில் ஒருவர்.

அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். 4,000 அடி உயரம். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக் கொள்வதென்று முடிவாயிற்று. 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். தாயகத்தைக் கண்ணாலும் பார்த்திராத தாயகம் திரும்பியோர்! தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள். நீலகிரிக்குப் போனவர்களுக்கு, பின்னாளில் டான்டீ ஆன அரசுத் தோட்டங்களில் பழகிய குளிரும் பழகிய வேலையும் கிடைத்தன. மாமனாருக்குக் கிடைத்ததோ சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் வேலை. 1974 மார்ச்சில், மூன்று மாதக் கைக்குழந்தையோடு (என் நாத்தனார்தான்) வந்து சேர்ந்தார்கள். அங்கே 'லயம்', இங்கே 'லைன் வீடு'. அது ஒன்றுதான் மாறவில்லை என்பார் மாமியார்.

மலையில் கம்பளிச் சட்டையும் குல்லாவும் இல்லாமல் குழந்தையை வெளியே எடுக்க மாட்டார்களாம். இங்கேயும் அப்படியே சுற்றி வைத்திருக்கிறார். தாழ்வான ஓட்டு வீடு, நடுப்பகல். உடம்பெல்லாம் வேர்க்குரு, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு போயிற்று. தொட்டால் சுடுகிறதே, காய்ச்சல் என்று நினைத்து இன்னொரு கம்பளியைப் போர்த்தினாராம்!

பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "ஏனம்மிணி, கொளந்தையை இப்படியா பொட்டலங் கட்டி வெப்பாங்க?" என்று எல்லாவற்றையும் உருவிப் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, வேப்பமரத்தில் பழைய வேட்டியில் தூளி கட்டிப் போட்டிருக்கிறார். சாயங்காலம் குழந்தை பால் குடித்தது. "அந்த அக்கா மட்டும் இல்லாட்டி..." மாமியார் இன்றைக்கும் இந்த வாக்கியத்தை முடிப்பதில்லை.

இளம் தாய்மார்கள் கவனியுங்கள். வெயில் காலத்தில் கைக்குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும். ஆறு மாதம் வரை தண்ணீர் தனியாக வேண்டாம், தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். குழந்தை துவண்டு, பாலை மறுத்தால் கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மற்றதெல்லாம் மெள்ள மெள்ளப் பழகியிருக்கிறார். ரொட்டியும் சம்பலும் இருந்த இடத்தில் மோர் ஊற்றிக் கரைத்த கம்மஞ்சோறும் சின்ன வெங்காயமும். தலைக்கு அரப்பு. மத்தியானம் ஜன்னலைச் சாத்தி வைத்து, வெயில் தாழ்ந்து திறப்பது. ராத்திரி வாசலில் கயிற்றுக் கட்டில். புது வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். அதுவரை கடின வேலைகளைக் காலையிலும் மாலையிலும் வைத்துக் கொள்வது நல்லது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்ததும்தான் முதன் முதலாக நன்றாகத் தூங்கினாராம். தெருவில் 'சிலோன்காரி' என்ற பெயர் போக மட்டும் இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. பேசும் தமிழ் ஒன்றுதான், ஆனாலும் பாருங்களேன்!

இப்போது பேச்சில் 'ங்க' சரளமாக வருகிறது. ஆனால் சித்திரை வெயிலானாலும் மூன்று மணிக்கு அவருக்கு வெறும் தேத்தண்ணியும் கடித்துக் கொள்ள வெல்லமும் வேண்டும். பால் சேர்த்தால் டம்ளர் அப்படியே திரும்பி வந்துவிடும்.