ரைட்டர் மேசையில் ஓர் ஆண்டுக் கணக்கு

சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும் நாளில், கொள்கை விளக்கக் குறிப்பு என்றொரு புத்தகத்தை உறுப்பினர்களுக்குக் கொடுப்பார்கள். ஆதாயக் கொலை இத்தனை, வழிப்பறி இத்தனை, கன்னக்களவு இத்தனை, மீட்ட சொத்து இவ்வளவு, இனிமேல் செய்யப்போவது இன்னின்ன என்று ஓராண்டுக் கணக்கு முழுதும் அதில் இருக்கும். அந்த எண்கள் எந்த மேசையிலிருந்து கிளம்புகின்றன என்று பார்க்க, டிசம்பர் கடைசி வாரத்தில் தென்மாவட்டத்துக் காவல் நிலையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் எழுதக்கூடாது என்று சொல்லித்தான் நாற்காலி போட்டார்கள்.

வாசலில் பாரா. உள்ளே நுழைந்ததும் ரைட்டர் மேசை. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டால்கூட நிலையம் நடக்கும். ரைட்டர் லீவு போட்டால் சிரமம்தான். இவர் தலைமைக் காவலர். சக காவலர்களுக்கு ‘ரைட்டர் ஏட்டையா’. யார் எத்தனை மணிக்கு ரோந்து போனார், யார் சம்மன் கொடுக்கப் போனார், பாரா எப்போது மாறியது என எல்லாவற்றையும் பொது நாட்குறிப்பில் ஏற்றிக்கொண்டே இருந்தார். காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கம்ப்யூட்டரில் வந்து பல வருடம் ஆகிறது. பதிவேடுகள் மட்டும் மேசையைவிட்டு இறங்கவில்லை.

எஸ்.பி.யின் ஆண்டு ஆய்வு வரப்போகிறது. அதனால் யூ.ஐ. எத்தனை, பி.டி. எத்தனை என்பதுதான் அன்றைய பேச்சு. புலன் விசாரணையில் நிற்கும் வழக்கு யூ.ஐ., நீதிமன்றத்தில் நிற்பது பி.டி. ஜனவரி முதல் தேதி குற்ற எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதற்குள் முடிந்தமட்டும் கேஸ் கட்டுகளைத் தைத்து கோர்ட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று, கோணி ஊசியும் நூலுமாக ஒரு இளம் காவலர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“செக்சன் மாறினதுதான் சார் பெரிய இம்சை” என்றார் ரைட்டர். அடிதடிப் புகார் வந்தால் 294(பி), 323, 506 என்று கை தானாக எழுதிவிடும். 2024 ஜூலை 1இல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபின் அது 296(பி), 115(2), 351. தூக்கு மாட்டிக்கொண்டவர் வழக்கை ஊரில் இன்னும் நூத்தியெழுபத்துநாலு என்றுதான் சொல்கிறார்கள்; தாளில் அது 194.

அப்போது ஒரு மூதாட்டி வந்தார். கிடையில் கட்டியிருந்த ஆட்டில் இரண்டைக் காணோம்.

“உட்காருங்க ஆத்தா. கிடாவா, பெட்டையா?”

“ஒண்ணு கிடா, ஒண்ணு சினையாடுய்யா.”

“நிறம்?”

“கிடா செவலை. மத்தது கருப்பு, நெத்தியில வெள்ளை.”

“எத்தனை பல்லு?”

கேள்விகள் நின்று நின்று வந்தன. ராத்திரி நாய் குரைத்ததா, எந்தப் பக்கம் கால்தடம் கிடந்தது, சந்தை என்றைக்கு? கேட்பதை எல்லாம் அவர் எழுதவில்லை. நாலு கேட்டு ஒன்றை எழுதினார். கடைசியில், “சந்தையில என்ன விலை போகும்?” என்றார். பேச்சுக்குக் கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் வழக்கே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. களவு போன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், புதிய சட்டத்தின் அட்டவணைப்படி அது போலீஸ் தானாக விசாரணையில் இறங்கக்கூடிய குற்றமே இல்லை. மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஆத்தா சொன்ன விலை அதற்கு வெகு மேலே. 303(2) போட்டு எஃப்.ஐ.ஆர். தயாரானது. எழுதியதை அவர் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்ட, ஆத்தா இடது பெருவிரலை மையில் தொட்டார்.

இதையே வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதாகக் கொடுத்தனுப்பியிருக்கவும் முடியும். ஆத்தா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போயிருப்பார். நிலையத்தின் களவுக் கணக்கும் ஏறியிருக்காது. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்குப் புதிய சட்டம் வழி விடுகிறது. இத்தனைக்குப் பிறகும் ‘சென்ற ஆண்டைவிடக் குற்றம் குறைவு’ என்ற வரிக்குக் கிடைக்கும் பாராட்டு, ‘வந்த புகாரை எல்லாம் பதிந்தோம்’ என்ற வரிக்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், எண்ணிக்கை கூடிய நிலையத்தை முதலில் சந்தேகப்படக்கூடாது. குறைந்த நிலையத்தின் சி.எஸ்.ஆர். பதிவேட்டைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எழுத்து பொய்யும் சொல்லும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை மீதும் மகன் மீதும் எழுதிய எஃப்.ஐ.ஆரில், அவர்கள் தரையில் புரண்டு தாங்களே காயப்பட்டுக்கொண்டதாக இருந்தது. இருவரும் காவலில் இறந்தார்கள். சி.பி.ஐ. அதைக் கொலை வழக்காக எடுத்துப் போலீசார் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. இந்தப் பேச்சை எடுத்ததும் ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். “ஒருத்தன் எழுதுன எழுத்து, எங்க எல்லாத்து எழுத்தையும் கோர்ட்ல சந்தேகப்பட வச்சிருச்சு” என்றார்.

அடுத்த ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ட்ரோன், கேமரா என்று எதுவும் சொல்லவில்லை. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றமென்றால் தடய அறிவியல் நிபுணரைச் சம்பவ இடத்துக்கு வரவழைக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் வேலையைக் கூட்டியிருக்கிறது. அத்தனையும் கடைசியில் வந்து சேருவது இந்த மேசைக்குத்தான். “இன்னொரு ஆள் கொடுத்தாப் போதும் சார். வாரலீவுன்னு 2021ல சொன்னாங்க. நான் எடுத்தா இந்தச் சீட்ல யாரு உட்கார?”

உதவிக்கு இருந்த பெண் காவலர் எம்.எஸ்சி. படித்தவர். ஏட்டையா நான்கு வரி எழுதுவதற்குள் ஒரு பக்கம் தட்டிவிடுகிறார். புதிய செக்சன் எண்களில் ஏட்டையா தடுமாறினால் திருத்துவதும் அவர்தான். வாக்குமூலம் வாங்க மட்டும் இன்னும் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறார். அழுகிற ஆளிடம் நேரத்தையும் இடத்தையும் கேட்டு வாங்குவதை எந்தப் பயிற்சிப் பள்ளியும் முழுதாகச் சொல்லித்தர முடியாது போலிருக்கிறது.

எஃப்.ஐ.ஆரின் பிரதியோடு ஆத்தா கிளம்ப, அசலை எடுத்துக்கொண்டு கோர்ட் காவலர் வண்டியை எடுத்தார். ஆண்டுக் கணக்கில் களவு என்ற கட்டத்தை அழித்து, ஒன்றைக் கூட்டிப் போட்டார் ரைட்டர். சென்ற ஆண்டைவிட ஏன் கூடியது என்று ஆய்வில் எஸ்.பி. கேட்டால் இன்ஸ்பெக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலையும் எழுதிக் கொடுக்கப்போகிறவர் இவர்தான்.