சேற்று வாடை

செராஸ் வட்டாரத்துப் பழைய ஈயக்குட்டைகளில் தூண்டிலிடுவோரிடம், சுவையில் கடைப்பட்ட மீன் எதுவெனக் கேட்டால் ஒருமித்த விடை கிட்டுவதில்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-45) மலாயா வந்த திலாப்பியா என்பர் சிலர். கெளுத்தியே என்பர் வேறு சிலர். இருசாராரும் கூறும் குற்றம் ஒன்றே: சேற்று வாடை.

அவ்வாடை மீனின் பிறவிக் குணமன்று. தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசியும் பிற நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள் செவுள்வழியே ஊனில் ஏறுகிறது. புதுமழையில் மண் மணப்பதும் அதனாலேயே. மண்ணில் மணமாவது மீனில் நாற்றமாகிறது!

தெளிந்த நீரில் சில நாள் விட்டுவைத்தால் வாடை குறையும். புளியும் எலுமிச்சையும் தணிக்கும். ஆயின், குட்டை நீரில் உலோக நஞ்சு கலந்திருப்பின் அதற்கு வாடையுமில்லை; புளியும் அதனைப் போக்காது. ஆதலின், எந்த மீன் என்பதற்கு முன் எந்தக் குட்டை என்று கேட்பதே அறிவுடைமை.