பன்னிரண்டிலிருந்து பத்து வரை

பகல் பன்னிரண்டு மணிக்குக் கடையின் ஷட்டர் ஏறுகிறது. ஊருக்கு அது உச்சிப்பொழுது; காசிமேட்டுக்கு அதுதான் சாயங்காலம். விடிவதற்கு முன்பே விசைப்படகுகள் கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்பிவிட்டன. வலையை அலசிப் போட்டுவிட்டு வந்தவர்களின் முழங்கையில் செதில் ஒட்டியிருக்கிறது. கம்பி வலையில் வெட்டிய சதுரத்துக்குள் கைகள் நுழைகின்றன. பணம் உள்ளே போகிறது, குவார்ட்டர் வெளியே வருகிறது. பிராண்டின் பெயரைச் சொல்பவர்கள்கூடக் குறைவு. கடைக்காரருக்கு முகம் தெரியும்.

கடையை ஒட்டி ஒரு சந்து. அதன் முடிவில் தகரக் கூரை போட்ட பார். சிமெண்ட் மேடைகள், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், பகலிலும் எரியும் ஒரே ஒரு டியூப் லைட். கேரி பேக்கில் கொண்டுவந்த கிழங்கானை ஒருவர் அடுப்படியில் நிற்கும் பெரியவரிடம் நீட்டுகிறார். “சித்தப்பா, மசாலா கொஞ்சமா தடவு. காரம் வாணாம், வயிறு எரியுது.” பெரியவர் மீனை வாங்கி, பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார். பொரித்துக் கொடுக்கக் கூலி மட்டும். மீன் அவருடையது, எண்ணெய் இவருடையது.

நான் மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு சோடா, ஒரு தட்டுப் பட்டாணி சுண்டல். குடிக்காதவன் பாரில் உட்காருவதை யாரும் தடுப்பதில்லை. சைடிஷ் வாங்கினால் போதும். சென்னையின் பேட்டைகளில் உள்ள பார்களில் இப்படி உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை. எவ்வளவு குடிக்கிறார்கள் என்று எண்ணுவதும் இல்லை. உள்ளே வந்த மனிதனுக்கு இந்த இடம் என்ன தருகிறது, அவனை எப்படி வெளியே அனுப்புகிறது என்று பார்க்கிறேன்.

கடையும் பாரும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டாலும் இரண்டும் வேறு. கடை அரசுடையது. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பார், டெண்டரில் எடுத்த தனியாருடையது. தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில்களைச் சேகரிக்கவும்தான் அவருக்கு உரிமம். சரக்கு விற்க அவருக்கு உரிமை கிடையாது. உரிமக் கட்டணம், கூலி, கேஸ், வாடகை எல்லாவற்றையும் சுண்டலிலும் ஆம்லெட்டிலும் காலி பாட்டிலிலும் எடுத்தாக வேண்டும். நாற்காலி உடைந்திருப்பதும், ஃபேன் ஓடாததும், குடிக்கத் தண்ணீர் கேட்டால் பாக்கெட்டுக்குக் காசு கேட்பதும் இந்தக் கணக்கிலிருந்து வருகின்றன. ஒரு மணி நேரம் ஒருவன் சும்மா உட்கார்ந்து பேசினால் அந்த மேசை நஷ்டம். ஆகவே சீக்கிரம் குடித்து எழுந்து போகிறவனுக்காகவே இந்த இடம் அமைந்திருக்கிறது. நின்றபடி, ஒரே மடக்கில், தண்ணீர் கலக்காமல் ஊற்றிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதை அப்படி இறக்குகிற தொண்டை என்ன பாடுபடும் என்பது அவர்கள் கண்ணைச் சுருக்குவதிலேயே தெரியும்.

ஆனாலும் காசிமேட்டில் கொஞ்சம் உட்கார்கிறார்கள். கடலில் பல நாள் கால் நீட்டாமல் இருந்தவர்கள் அல்லவா. எழுபது வயதிருக்கும் ஒருவர், பக்கத்தில் இருந்த பேரன் வயதுப் பையனிடம் சொல்கிறார்: “எம்ஜிஆர் காலத்துல இங்க சாராயக் கடை இருந்துச்சு. அதுக்கு முன்னால டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு பர்மிட்டு வச்சிக்கினு குடிச்சவன்லாம் இருந்தான். மூடுவான், தொறப்பான், மூடுவான். நாங்க கடலுக்குப் போய்க்கினேதான் இருந்தோம்.” அவர் சொன்னது வரலாறு. மதுவிலக்கு 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948-ல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-ல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பி வந்தது. 1981-ல் கள்ளும் சாராயமும் திறந்தன. 1987 தொடக்கத்தில் மூடின. இவ்வளவுக்கும் நடுவில் அவர் வயதும் ஏறி, வலை இழுத்த விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத்தான் தூக்குகிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் இதே பாரில் ஆள் குறைந்துவிடும். வருகிறவர்களும் ஒரு குவார்ட்டரை இரண்டு பேராகப் பகிர்வார்கள். மீன் பொரியும் வாசனை இருக்காது. உப்பு மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்றுதான் சைடிஷ்.

கோயம்பேட்டில் பகிர்தலுக்கு வேறொரு அழகு உண்டு. 1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து மார்க்கெட் இங்கே வந்த பிறகு, இந்தப் பக்கத்தின் தூக்கமும் விழிப்பும் லாரிகளின் கையில் போயின. இரவெல்லாம் மூட்டை இறக்கியவர்கள் மதியம் வருகிறார்கள். தலையில் சும்மாடாக இருந்த துண்டு இப்போது தோளில். கடை வாசலில் ஒருவர் நின்று வருகிறவர் முகங்களைப் பார்க்கிறார். கையில் பாதிக் காசு. பொருத்தமான முகம் ஒன்று வருகிறது, காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர்.

“இன்னாண்ணே, கட்டிங் சேர்றியா?”

“சேரலாம். எந்த பிராண்டு?”

“எதா இருந்தா இன்னா.”

அவ்வளவுதான். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு குவார்ட்டருக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். 180 மில்லியை இரண்டாகப் பிரிப்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். மூட்டைக்காரர் ஊற்றுகிறார். இரண்டு டம்ளரையும் ஒட்டி வைத்து, குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றில் நாலு சொட்டு, இன்னொன்றில் இரண்டு சொட்டு. ஊற்றியவர் எடுக்கக் கூடாது. மற்றவர்தான் முதலில் எடுக்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத இந்த நியாயத்தை இருவரும் பிசகாமல் காக்கிறார்கள். ஆட்டோக்காரர் தனக்கு வாங்கிய அவித்த வேர்க்கடலையை நடுவில் தள்ளுகிறார்.

பிறகு பேச்சு. மூட்டைக்காரருக்கு மகள் கல்யாணம் வருகிறது. வட்டிக்கு வாங்கியிருக்கிறார். வீட்டில் சொன்ன தொகை ஒன்று, வாங்கிய தொகை ஒன்று. இதை மனைவியிடம் சொல்லவில்லை, கூட மூட்டை தூக்குகிறவர்களிடம் சொல்லவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருவரிடம் சொல்கிறார். ஆட்டோக்காரர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கடைசியில், “மாப்ள நல்ல பையனா?” என்று கேட்கிறார். “நல்ல பையன்ணே” என்கிறார் இவர். முகம் தெளிந்துவிட்டது. டம்ளர்கள் காலியானதும் ஒருவர் கிழக்கே போகிறார், ஒருவர் மேற்கே.

இந்த ஊரில் அந்த மூட்டைக்காரர் அந்தச் சொல்லை வேறெங்கே உட்கார்ந்து சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். டீக்கடையில் நிற்க மட்டும்தான் இடம். வாடகை வீடு ஒற்றை அறை. அதில் மகளும் மனைவியும் இருக்கிறார்கள். மனதில் இருப்பதைக் கொட்ட அவருக்குக் கிடைத்த நாற்காலி, கல்லீரலை விலையாகக் கேட்கிற நாற்காலியாக இருக்கிறது. எனக்கு வருத்தமாக இருப்பது அதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நேரம். லேத் பட்டறை ஆயில் வாசனையோடு கூட்டம் நிறைகிறது. ஒரு மேசையில் தமிழ், அடுத்ததில் இந்தி, அதற்கடுத்ததில் ஒடியா. நரைத்த ஃபிட்டர் ஒருவர், பீகார்ப் பையன் ஒருவனுக்கு மேசை மீது விரலால் ஏதோ வரைந்து, மெஷினில் கை சிக்காமல் எப்படி எடுப்பது என்று காட்டுகிறார். பாதி தமிழ், பாதி இந்தி, மீதி கை. பட்டறையில் சத்தத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிக்கொடுக்கிறார்.

அங்கே சைடிஷ் கொண்டுவருகிற பையனும் வடக்கிலிருந்து வந்தவன்தான். “இன்னா வேணும்ண்ணா”, “ஆஃப்பாயில் ஒண்ணு”, “காலிண்ணா” என்ற மூன்று வாக்கியங்களில் அவன் தமிழ் முடிந்துவிடுகிறது. பதினொரு மணிக்குத் தரையைக் கழுவுவதில் அவன் நாள் ஆரம்பிக்கிறது. யாரோ வாந்தி எடுத்தால் மண்ணைப் போட்டு அள்ளுகிறான். யாரோ திட்டினால் சிரிக்கிறான். திட்டின் பொருள் புரிந்துதான் சிரிக்கிறான். இரவு பூட்டிய பிறகு இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் படுக்கை. குடியைப் பற்றி இந்த மாநிலத்தில் நடக்கும் எந்த விவாதத்திலும் அவன் வருவதில்லை.

ஏழு மணி வாக்கில் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். இடுப்பில் குழந்தை. உள்ளே வரவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. பையனுக்கு அவளைத் தெரியும் போலிருக்கிறது. அவனாகவே ஒரு மேசைக்குப் போய்க் குனிந்து, “அக்கா” என்கிறான். ஒருவர் எழுந்து போகிறார். சட்டைப் பையிலிருந்து சம்பளக் கவரை எடுத்துத் தருகிறார். அவள் எண்ணுகிறாள். மறுபடி எண்ணுகிறாள். ஒரு நூறு ரூபாய்த் தாளை மட்டும் உருவி அவர் கையில் வைத்துவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடக்கிறாள். அவர் சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே வருகிறார். மேசையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த ஒரு நிமிடத்துக்காக அவள் வாரம் முழுவதும் மனதைத் தயார்செய்துகொண்டு வந்திருப்பாள். கவர் கைக்கு வராத வீடுகள் எத்தனையோ. அங்கெல்லாம் சனிக்கிழமை இரவு அடுப்பு எரிவது பக்கத்து வீட்டுக்காரியின் தயவில்.

ஏசி போட்ட பார்களையும் பார்த்தேன். மெத்தை நாற்காலி, சுத்தமான கண்ணாடி டம்ளர், கேட்காமலே தண்ணீர், ‘சார்’ என்ற அழைப்பு. இந்த நகரத்தில் வசதி உள்ளவர்களுக்கு அப்படியொரு இடம் 1832-ல் மெட்ராஸ் கிளப் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. கதவு மனிதர்களை நன்றாக மூடிவைத்துவிடுகிறது.

அரசுக்கு 2023-24-ல் ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியுமாக மது விற்பனையிலிருந்து வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். காசிமேட்டுப் பெரியவரும், கட்டிங் சேர்ந்த இரண்டு பேரும், கவரைக் கொடுத்த அந்த மனிதரும் வரி செலுத்துபவர்கள். அவர்களிடம் வாங்கிய பணத்துக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரும், கதவு சாத்துகிற கழிப்பறையும், முகம் தெரிகிற வெளிச்சமும் கடன். குடிக்காதே என்று சொல்ல அரசுக்கு மனம் இருந்தால் நல்லது. நானும் அதைத்தான் விரும்புகிறேன். விற்கும் வரை, வாங்குகிறவனுக்கு மரியாதை தரும் பொறுப்பு விற்கிறவருடையது.

அந்தப் பொறுப்பை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்ட ஒருவரை சைதாப்பேட்டையில் பார்த்தேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பார். கல்லாவில் ஐம்பத்தைந்து வயதுக்காரர், நெற்றியில் விபூதி. மேசைக்கு மேசை மண்பானையும் சொம்பும் வைத்திருக்கிறார். தண்ணீருக்குக் காசு இல்லை. கழிப்பறையில் பல்பு எரிகிறது, பக்கெட்டில் தண்ணீர் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் பலகையில் வரிசையாக ஆணிகள். ஆணிகளில் வண்டிச் சாவிகள் தொங்குகின்றன.

ஒன்பதே முக்காலுக்குக் கடைசிக் கூட்டம் கடையை மொய்க்கிறது. கையில் இன்னொரு குவார்ட்டரோடு தள்ளாடி உள்ளே வந்த இளைஞனை அவர் கூப்பிடுகிறார்.

“சாவியக் குடு தம்பி.”

“நான் நல்லாதாண்ணே இருக்கேன்.”

“நீ நல்லாதான் இருக்க. ரோடு நல்லால்ல. குடு.”

குடித்துவிட்டு ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய். அதைச் சொல்லி அவர் பயமுறுத்தவில்லை. பாட்டிலையும் வாங்கி, மூடியை முறுக்கிப் பார்த்துவிட்டு, “இது நாளைக்கு ஒனக்கு. எங்கயும் போவாது” என்று கல்லாவுக்குக் கீழே வைக்கிறார். பையனின் போனை வாங்கி, “வீட்ல யாரு இருக்கா?” என்று கேட்டு, அவன் அண்ணனுக்குப் பேசுகிறார். அண்ணன் வரும்வரை பையன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பானைத் தண்ணீர் குடிக்கிறான். ஒரு குவார்ட்டருக்கு விற்றிருக்க வேண்டிய சைடிஷ் அவருக்குப் போயிற்று. அவர் முகத்தில் அந்தக் கணக்கு தெரியவில்லை.

நான் பார்த்த பார்களில் முதல் இடத்தை அந்த இடத்துக்குத் தருகிறேன். அங்கே ஈரல் வறுவல் சுமார்தான், நாற்காலியும் பழசு. ஆனாலும் உள்ளே போன மனிதன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று கவலைப்பட அங்கே ஓர் ஆள் இருக்கிறார். அவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய நகரத்தை விட முடியாது. அடுத்த முறை பார் உரிமம் கொடுக்கும்போது, யார் அதிகத் தொகை எழுதியிருக்கிறார் என்று பார்க்கிற அதிகாரிகள், தண்ணீர் எங்கே வைப்பார், வேலை பார்க்கும் பையன் எங்கே படுப்பான், சாவி மாட்ட ஆணி அடிப்பாரா என்றும் கேட்கட்டும். அந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாதவருக்கு உரிமம் வேண்டாம்.