மடை நிறைஞ்சா யார் சொல்றது?

திருவையாறு பக்கம் ஒரு கிராமம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட சேதி வந்ததிலிருந்து அப்பாவுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த மகளோ லேப்டாப்பை விட்டு நிமிரவில்லை.

“நேத்துலேர்ந்து ஒரே வரியைப் பாத்துக்கிட்டு இருக்கியே, என்னம்மா அது?”

“நெட்வொர்க் டிரைவர்ப்பா. ஒரு பேரை இங்கேருந்து எடுத்து அங்கே காப்பி பண்ற வரி.”

“காப்பி அடிக்கவா சம்பளம் தர்றான்?”

சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். வைஃபை கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பேசுகிற நிரல்தான் டிரைவர். லினக்ஸில் (நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதுதான்) ஒரு நெட்வொர்க் இணைப்பின் பெயருக்கு ஒதுக்கிய இடம் 16 பைட். கடைசி ஒன்று ‘பெயர் முடிந்தது’ என்ற அடையாளத்துக்கு. ‘ஸ்டர்காப்பி’ என்ற பழைய கட்டளை, போய்ச் சேரும் இடம் எவ்வளவு பெரிது என்று பார்க்கவே பார்க்காது. பெயர் நீளமாக இருந்தால் பக்கத்து இடத்திலும் எழுதிக்கொண்டே போகும்.

“அடுத்தவன் வயல்ல பாயும்னு சொல்லு.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மடையைத் திறந்துவிட்டு மோட்டார் கொட்டகையில் கண்ணயர்ந்துவிட்டார். வரப்பைத் தாண்டிய தண்ணீர், பக்கத்து வயலில் அன்று சாயங்காலம்தான் நாற்றங்காலில் விட்டிருந்த விதையை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இவர்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

1988 நவம்பரில் இப்படித்தான் நடந்தது. 512 பைட் இடத்தில் அளவு பாராமல் எழுத்துகளை வாங்கிக்கொண்ட ஒரு நிரல் வழியாக மோரிஸ் புழு உள்ளே நுழைந்து, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் திணறடித்தது.

‘ஸ்டர்-என்-காப்பி’ என்று இன்னொரு கட்டளையும் உண்டு. அளவோடு நிற்கும். ஆனால் இடம் முழுக்க நிறைந்துவிட்டால் முடிவு அடையாளம் வைக்காது. அதற்குப் பின் ‘ஸ்டர்-எல்-காப்பி’. அடையாளம் வைக்கும். ஆனால் மூலப் பெயர் மொத்தம் எவ்வளவு நீளம் என்று கடைசி வரை எண்ணிவிட்டுத்தான் திரும்பும். அந்தப் பெயருக்கே முடிவு அடையாளம் இல்லாவிட்டால், எங்கெங்கோ போய்ப் படிக்கும்.

“ஒரு மா நிலத்துக்குப் பாய்ச்ச, கல்லணை வரைக்கும் போய்த் தண்ணி அளந்துட்டு வர்றவன் மாதிரி” என்றார் அப்பா.

2015-இல் லினக்ஸுக்கு வந்த ‘ஸ்டர்-எஸ்-காப்பி’, கொள்கிற மட்டும் எடுத்து, அடையாளம் வைத்து, மீதி வெளியே நின்றுவிட்டால் ஒரு மைனஸ் எண்ணைத் திருப்பித் தரும். ஒவ்வொரு டிரைவராகப் பலர் மாற்றி மாற்றி, 2024-இல் ‘எல்’ காப்பியை லினக்ஸிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த மாதிரி வேலையைத்தான், தன் கம்பெனியின் பழைய டிரைவர் ஒன்றில் இவள் செய்துகொண்டிருந்தாள்.

தமிழுக்கு இதில் கூடுதல் நெருக்கடி. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘தஞ்சாவூர்’ என்று எழுதவே 27 பைட் வேண்டும்.

“சரி, நிறைஞ்சா அது சத்தம் போடுது. நீ கேக்கறியா?”

மகள் திரையைப் பார்த்தாள். கட்டளையை மாற்றியிருந்தாள். அது திருப்பித் தரும் எண்ணை எங்கேயும் வாங்கி வைக்கவில்லை. முதல் 15 எழுத்தும் ஒன்றாயிருக்கிற இரண்டு பெயர்கள் வெட்டுப்பட்டால், இரண்டும் ஒரே பெயராகிவிடும். எந்தப் பிழையும் தெரியாது.

“இருப்பா, இன்னும் முடியலை” என்று லேப்டாப்பை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் கிளம்பினார்.