இரும்புப் பாதையில் ஒரு "வேண்டாம்"

வியா ஃபெராட்டா. இத்தாலிய மொழியில் "இரும்புப் பாதை" என்று பொருள். உடனே ரயில் தண்டவாளம் நினைவுக்கு வருகிறதா? இது அதுவல்ல. செங்குத்தான பாறையில் இரும்பு வடத்தை இழுத்துக் கட்டி, கால் வைக்கப் படிகளும் ஏணிகளும் பதித்து, பாறை ஏறத் தெரியாதவர்களும் போய்வரும்படி அமைத்த மலைப்பாதைக்குத்தான் இந்தப் பெயர். ஜெர்மன்காரர்கள் இதையே க்ளெட்டர்ஸ்டைக் என்கிறார்கள்.

இந்தப் பாதைகள் எல்லாம் முதல் உலகப் போரில் சிப்பாய்கள் போட்டவை என்று பலரும் சொல்வதுண்டு. பாதி உண்மை. 1843-லேயே ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் ஃப்ரீட்ரிஷ் சிமோனி என்ற அறிஞர் இரும்பு முளைகளையும் கைப்பிடிகளையும் அடிக்க வைத்துவிட்டார். 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் டோலமைட் மலைகளின் குறுக்கே போர்முனை அமைந்தது. துப்பாக்கியும் சோறும் காயம்பட்டவர்களும் அந்தப் பாறைகளின் மேலும் கீழும் போய்வர வேண்டியிருந்ததால் இரு தரப்பும் ஏணிகளையும் கயிறுகளையும் அமைத்தன. கிழக்கு டோலமைட்டில் இன்று மக்கள் விரும்பிப் போகும் சில பாதைகள் அந்த வழித்தடங்களின் மேல்தான் செல்கின்றன.

ஆனால் இங்கே சொல்லப்போவது மேற்கே தனியாக நிற்கும் ப்ரென்டா மலைத்தொடரைப் பற்றி. இங்குள்ள புகழ்பெற்ற பாதை போருக்காகப் பிறந்ததல்ல. 1872-ல் தொடங்கப்பட்ட திரெந்தோ மலையேறுவோர் சங்கம் 1930-களில் இதை அமைக்கத் தொடங்கியது. பெயர் வியா தெல்லே போக்கெத்தே. போக்கெத்தா என்றால் "சிறு வாய்", அதாவது இரண்டு சிகரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு, பாறை இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி சுற்றிக்கொண்டு போகும் பாதை இது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. இந்தப் பாதை எந்தச் சிகரத்தின் உச்சிக்கும் போகாது! உச்சிகளை, தங்கள் கைகளை நம்பி ஏறுபவர்களுக்கு விட்டுவிட வேண்டும், அங்கே இரும்பு போகக்கூடாது என்பது அமைத்தவர்களின் கொள்கை. ப்ரென்டாவின் பாறை அடுக்கடுக்காகப் படிந்தது. அடுக்குகளுக்கு நடுவே இயற்கையாகவே திண்ணை போல நீளமான விளிம்புகள் உண்டு. சில இடங்களில் அவை ஒரு ஆள் நடக்கும் அகலம்தான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று.

இரண்டு கொக்கிகள்

இடுப்பில் ஹார்னெஸ், தலையில் ஹெல்மெட். ஹார்னெஸிலிருந்து இரண்டு கைகள் போல இரண்டு வார்கள் நீளும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காரபைனர், அதாவது தானாக மூடிக்கொள்ளும் கொக்கி. இரண்டையும் வடத்தில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். சில மீட்டருக்கு ஒருமுறை வடத்தைப் பாறையோடு பிணைக்கும் முளை வரும். அங்கே ஒரு கொக்கியைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்டிவிட்டு, பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். எந்த நேரத்திலும் ஒரு கொக்கியாவது வடத்தில் இருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளில் இதைப் பல நூறு தடவை செய்ய வேண்டும்.

"கொக்கிதான் இருக்கிறதே, விழுந்தால் என்ன?" என்று கேட்கலாம். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். செங்குத்தான இடத்தில் இரண்டு முளைகளுக்கு நடுவே 3 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் முளைக்குப் பக்கத்தில் ஒருவர் தவறினால் அவருடைய கொக்கி வடத்தில் வழுக்கிக்கொண்டே கீழ் முளைவரை போய்த்தான் நிற்கும். வாரின் 1 மீட்டரையும் சேர்த்தால் 4 மீட்டர் விழுகிறார். அவரைத் தடுக்க இருப்பதோ 1 மீட்டர் வார். விழும் தூரத்தை வாரின் நீளத்தால் வகுத்தால் 4. கயிறு கட்டிப் பாறை ஏறுபவர்களுக்கு இந்த எண் 2-க்கு மேல் போகாது. அதாவது, பாறையேற்றத்தைவிடப் பாதுகாப்பாகத் தெரியும் இந்தப் பாதையில் விழுந்தால் அடி அதைவிட மோசமாக இருக்கும்!

அதனால்தான் வார்கள் சேரும் இடத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. உள்ளே மடித்துத் தைத்த நாடா. விழும்போது தையல் ஒவ்வொன்றாகப் பிய்ந்து வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தடவை பிய்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். 2017-ல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தரவிதி, 40 கிலோ முதல் 120 கிலோ வரை எடையுள்ளவர்களுக்கு இது வேலை செய்ய வேண்டும் என்கிறது. அதைவிட எடை குறைந்த பிள்ளைகளை வழிகாட்டி தன் கயிற்றில்தான் கட்டி அழைத்துப் போவார்.

வடம் விழுவதற்காக இல்லை, விழாமல் இருப்பதற்காக. வழிகாட்டிகள் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

குடில் வாழ்க்கை

ஜூலை மாதத்தில் நான்கு பேர் கொண்ட ஒரு குழு இந்தப் பாதைக்கு வந்தது. ம்யூனிக்கிலிருந்து ஒரு இளம் தம்பதி. நெதர்லாந்திலிருந்து ஒரு தந்தையும் மகளும். தந்தைக்கு வயது 61, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மகள் மருத்துவமனைத் தாதி. வழிகாட்டி அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். பேசச் சொன்னால் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்.

முதல் நாள் கேபிள் காரில் க்ரோஸ்தே கணவாய்க்குப் போய், அங்கிருந்து பெனினி பாதை வழியாக டக்கெட் குடில். மறுநாள் இன்னொரு பாதையில் அலிமோன்டா குடில். 2,580 மீட்டர் உயரத்தில் சுற்றிலும் பாறைக் கோபுரங்கள் நிற்க, நடுவில் ஒரு கல் வீடு.

மலைக்குடிலில் வசதி எதிர்பார்க்கக்கூடாது. பூட்ஸை வாசலறையில் கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில், அடுக்குக் கட்டிலில் படுக்க வேண்டும். தண்ணீர் சிக்கனம். இரவு உணவு குறித்த நேரத்தில் மட்டும்... சூப், மக்காச்சோள மாவில் கிண்டிய பொலென்டா களி, கொஞ்சம் இறைச்சி அல்லது பாலாடைக்கட்டி. பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். குடிலில் ஒரு பதிவேடு இருக்கும். பெயரோடு நாளை எங்கே போகப்போகிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். வராமல் போனால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டுமல்லவா?

முதல் இரண்டு நாளும் தந்தை மெதுவாகத்தான் நடந்தார். இறக்கத்தில் முழங்கால் வலித்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. ஊரே கடல்மட்டத்தில் இருக்கும் மனிதருக்கு இந்த மலை எப்படி இருந்திருக்கும்! மூன்றாம் நாளுக்காகத்தான் அவர் வந்ததே. நடு போக்கெத்தே பாதை. காம்பானிலே பாஸ்ஸோ என்ற ஒற்றைக் கோபுரத்தின் இடுப்பைச் சுற்றிப் போகும் வழி. அந்தப் பெயருக்குத் "தாழ்ந்த மணிக்கூண்டு" என்று அர்த்தம். உயரம் 2,883 மீட்டர்! 1899-ல்தான் முதல் மனிதர்கள் அதன் உச்சியைத் தொட்டார்கள்.

மூன்றாம் நாள்

காலை ஆறு மணி. வானத்தில் ஒரு மேகம் இல்லை. காபி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் வழிகாட்டி வந்து சொன்னார்.

"பதினொரு மணிக்கு மேல் இடி வரலாம் என்று அறிக்கை. இன்று போக்கெத்தே வேண்டாம். ப்ரென்டெய் குடிலுக்கு இறங்கி, நடைபாதையில் பெத்ரோத்தி குடிலுக்கு ஏறுவோம்."

"வரலாம் என்றுதானே சொல்கிறார்கள்? வரும் என்று சொல்லவில்லையே?" என்றார் தந்தை.

"பாதை நான்கு மணி நேரம். நம் வேகத்துக்கு ஐந்து. நடுவில் இறங்க வழி கிடையாது."

"எனக்கு 61 வயது. அடுத்த வருஷம் இந்த முழங்கால் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?"

"அந்த முழங்காலை நினைத்துத்தான் சொல்கிறேன்."

மகள் மெல்ல, "அப்பா, விடுங்கள்" என்றாள். அவர் விடவில்லை. பக்கத்து மேசையில் வழிகாட்டி இல்லாமல் வந்த இரண்டு இளைஞர்கள் பையை மாட்டிக்கொண்டு அதே பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தந்தை அவர்களைக் கையால் காட்டினார். வழிகாட்டி பதில் சொல்லவில்லை.

இடி என்றால் ஏன் இவ்வளவு பயம்? கோடையில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். அப்போது மலையின் குறுக்கே நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு இரும்பு வடம் கிடக்கிறது. மின்னல் எங்கோ விழுந்தால்கூட அந்த மின்சாரம் வடத்தில் ஓடிவரும். அதில் கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்பவர் என்ன செய்வார்? மாட்டியிருந்தால் மின்னல், கழற்றினால் பள்ளம். அதுவரை காப்பாற்றிய அதே இரும்பு அந்த ஒரு மணி நேரத்தில் எதிரியாகிவிடுகிறது. அவசரமாக நடப்பவர்கள்தான் கொக்கியைத் தவறவிடுகிறார்கள் என்பது இன்னொரு ஆபத்து.

குழு கீழே இறங்கிச் சுற்றி வந்தது. தந்தை வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பெத்ரோத்தி குடிலை அடைந்தபோது அந்த இரண்டு இளைஞர்களும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சட்டை நனையவில்லை. காமிராவில் படங்களை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு இடி வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. மூன்று மணிக்குச் சற்று முன்புதான் வந்தது. குடில் ஜன்னல்கள் அதிர, அரை மணி நேரம் ஆலங்கட்டி கொட்டித் தீர்த்தது.

மகள்தான் கேட்டாள். "நாம் போயிருந்தால் முடித்திருப்போம், இல்லையா?"

"முடித்திருப்போம்" என்றார் வழிகாட்டி.

"அப்படியென்றால் உங்கள் முடிவு தப்பு?"

"காலை ஆறு மணிக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு. ஆறு மணிக்கு அது சரி. இப்போதும் சரிதான்."

அவர் அந்தப் பயணத்தில் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்!

தப்பித்தவர்கள் கற்றது என்ன?

இதை நினைத்துப் பாருங்கள் நண்பர்களே. அந்த இளைஞர்கள் செய்தது சரியா? பத்திரமாக வந்து சேர்ந்தார்கள், ஆகவே சரி என்று தோன்றும். பாதிப் பாடத்தை விட்டுவிட்டுப் போன மாணவனுக்கு, படித்த பாதியிலிருந்தே கேள்வி வந்துவிட்டால் அவன் என்ன கற்றுக்கொள்கிறான்? அடுத்த தேர்விலும் பாதி போதும் என்றுதான். தேர்வு போனால் மறுபடி எழுதலாம். மலையில் மறுதேர்வு கிடையாது. தப்பித்ததையே திறமை என்று நினைத்துக்கொள்பவர் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கருத்த மேகத்தின் கீழே கிளம்புவார்.

வழிகாட்டிக்குக் கூலி எதற்கு என்றும் இங்கேதான் புரிகிறது. வழி காட்டவா? வடமே வழி காட்டுகிறது, பாறையில் சிவப்பு வெள்ளை அடையாளமும் இருக்கிறது. காசு கொடுத்தவர் முகம் சுளிக்கும்போதும், நீல வானம் தன்னைப் பொய்யனாக்கும்போதும், "வேண்டாம்" என்று சொல்வதற்குத்தான் அந்தக் கூலி. அது சரியாக வேலை செய்த நாளில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. நடக்காத விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்?

இரண்டாவது கொக்கியும் அப்படித்தான். நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை அது இல்லாமலே போய்விடலாம். ஆனால் எந்தத் தடவை அது தேவைப்படும் என்று முளை சொல்லாது. அதனால்தான் நூறு தடவையும் மாட்ட வேண்டியிருக்கிறது.

மறுநாள் மழை கழுவிய வானத்தின் கீழ் குழு மொல்வேனோ ஏரிப் பக்கம் இறங்கியது. தந்தையின் கோபம் முழுதும் போயிருந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு மணி நேரம் கழித்து, முழங்காலைத் தடவிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தவர் வழிகாட்டியிடம் கேட்டார்.

"செப்டம்பரில் இங்கே வானிலை எப்படி?"

"இடி குறைவு. பகல்தான் குறுகிவிடும். இன்னும் சீக்கிரம் எழ வேண்டும்."

"எழலாம்" என்றார் அவர்.