மேலேயும் தணல், கீழேயும் தணல்

சேர்வராயன் மலையில் டிசம்பர் மாதம் காப்பிப் பழத்துக்கு உரியது. அராபிகா நவம்பரில் சிவக்கத் தொடங்கி ஜனவரி வரை பழுக்கும். ஒரே கொத்தில் பச்சைக் காயும் இருக்கும், செம்பழமும் இருக்கும். அதனால் ஒரே செடியை இரண்டு மூன்று தடவை சுற்றி வந்து பழுத்ததை மட்டும் கிள்ளியெடுக்க வேண்டும். நாள் தவறினால் பழம் உதிர்ந்துவிடும். கிறிஸ்துமஸ் வருவது இந்த நெருக்கடிக்கு நடுவில்தான். பகல் முழுக்க இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கிற கைகளே இரவில் அச்சு முறுக்கு சுடுகின்றன, கேக்குக்கு முட்டை அடிக்கின்றன, நட்சத்திரத்துக்குத் தாள் ஒட்டுகின்றன.

இந்த மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கு விடுமுறையில் போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு பிளம் கேக் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கேக்கைச் செய்கிறவர்களோடு சில இரவுகள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே நான் போனேன்.

காப்பியும் கேக்கும் இந்த மலைக்கு ஒரே வழியில் வந்தவை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, பங்களாக்கள் எழுந்தன, 1853இல் ஹோலி டிரினிட்டி தேவாலயம் வந்தது. பிறகு உறைவிடப் பள்ளிகள்: 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மான்ட்ஃபோர்ட். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவருமான பீட்டர் பெர்சிவல் 1882இல் இறந்தது ஏற்காட்டில்தான். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அவருடைய மருமகன்; அவரும் இங்கே வாழ்ந்தவர். இப்படிப்பட்டவர்களின் வீடுகளில் ரொட்டி சுட்டதும் கேக் செய்ததும் உள்ளூர்ச் சமையல்காரர்கள். தலச்சேரியில் 1883இல் மர்டாக் பிரவுன் என்ற துரை கொடுத்த மாதிரியைச் சுவைத்துப் பார்த்து, அதேபோல் கிறிஸ்துமஸ் கேக் செய்துகொடுத்த மாம்பள்ளி பாப்புவின் பெயர் இன்றும் பேசப்படுகிறது. நம் மலைத்தோட்டத்துச் சமையற்கட்டுகளில் நின்றவர்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர்களுடைய கைப்பக்குவம் மட்டும் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு பேரனை ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய பேக்கரியில் பார்த்தேன். அறுபதை நெருங்குகிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். "எங்க தாத்தா பங்களாவுல பட்லருங்க. அவரு எங்கப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தாரு, அப்பா எனக்கு. எழுதி வெச்ச கணக்கு ஒண்ணும் கிடையாதுங்க" என்றார்.

அவருடைய ஓவன் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தாழ்ந்த கூரை அறை. மாலையில் அதற்குள் காப்பிக் கட்டையை அடுக்கி எரிக்கிறார்கள். வயதான செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கிற கட்டை அது. நல்ல கனம், நின்று எரியும். தோட்டத்தில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் இதற்கு ஆகாதாம். "பொசுக்குனு எரிஞ்சு முடிஞ்சிரும், சூடு தங்காது." கட்டை கங்கானதும் அதை வாரி வெளியே தள்ளிவிட்டு, கம்பில் சுற்றிய ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்தார். பிறகு ஒரு பிடி மைதாவை உள்ளே வீசி, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். விழுந்ததும் மாவு கருகினால் இன்னும் காத்திருக்க வேண்டும். மெல்லப் பழுப்பேறினால் ரொட்டி போடலாம். ரொட்டியும் பன்னும் வெந்து இறங்கிய பிறகு, செங்கல் தன் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும் நேரமே பிளம் கேக்குக்கு ஏற்றது. நெருப்பு இல்லாத, சூடு மட்டும் மிஞ்சிய ஓவனில் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வேகிறது. கடைசியில் மிச்சச் சூட்டில் ரஸ்க் விடியும்வரை காயும். ஒரு தடவை எரித்த விறகு ஓர் இரவு முழுவதும் வேலை செய்கிறது. அந்த அறையில் தெர்மாமீட்டர் என்று ஒன்றும் கிடையாது.

மலையில் கேக் செய்வதில் உள்ள சிரமம் கீழே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேக் மாவுக்குள் உண்டாகும் வாயுவை அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லாததால், மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே பொங்கிவிடுகிறது. பிறகு நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த இயற்பியலை மாஸ்டர் படித்ததில்லை. ஆனால் சேலத்தில் போடுகிற பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறைக்கிறார். சர்க்கரையையும் ஒரு பிடி குறைக்கிறார், சர்க்கரை கூடினால் கேக் இறுகத் தாமதமாகும் என்பதால். இதற்கு மேல் மார்கழிப் பனி வேறு. திறந்து வைத்த மைதா மூட்டை ஈரம் குடித்துவிடும். அன்றைக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டேன். மாவில் கையை விட்டு ஒரு கைப்பிடியை இறுக்கிக் காட்டினார். கையைத் திறந்தபோது மாவு உதிராமல் விரல் தடத்தோடு நின்றது. "இன்னிக்கு இது ஈரமா இருக்குதுங்க. அரை டம்ளர் கம்மி."

கேக்கின் கருநிறம் சீனியைக் கருக்குவதால் வருகிறது. கனத்த இரும்புச் சட்டியில் சீனி உருகி, தேன் நிறத்தைத் தாண்டி, டிகாக்ஷன் நிறத்துக்கு வந்து புகை கிளம்பும். அந்த நொடியில் வெந்நீரை ஊற்ற வேண்டும். முந்தினால் நிறம் பற்றாது, பிந்தினால் கசக்கும். ஊற்றும்போது சட்டி சீறித் தெறிக்கிறது. மாஸ்டரின் வலது முன்கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்புகள். உதவிக்கு நிற்கும் இளைஞனின் கையில் அவை இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன.

கேக்கில் நாம் செர்ரி என்று தின்பது பெரும்பாலும் பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய். இதில் ஒரு குறையும் இல்லை. இந்த மண்ணில் விளைந்ததைக் கொண்டு ஒரு வெளிநாட்டுப் பலகாரத்தைத் தனதாக்கிக்கொண்ட திறமை என்றே நான் இதை மதிக்கிறேன். மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மலை ஆரஞ்சின் தோலை வெள்ளைச் சதை நீக்கி, இரண்டு முறை வேகவைத்துக் கசப்பு எடுத்து, பாகில் ஊறப் போடுகிறார். அந்த வாசம் பெட்டிக்குள் அடைத்து வருகிற எந்தக் கேக்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பேக்கரியை விட்டு, ஒரு தோட்டத்தில் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளுக்குப் போனேன். அங்கே ஓவனே கிடையாது. பழம் பறித்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கு மேல் வீடு திரும்பிய ஓர் அக்கா, கைகால் கழுவிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். விரல் இடுக்குகளில் காப்பிப் பழச் சாற்றின் கறை. குளிரில் வெண்ணெய் கல்லாக இறுகிக் கிடந்தது. அடுப்போரம் வைத்து இளக்கி, பொடித்த சர்க்கரையோடு சேர்த்து, கையாலேயே குழைக்கத் தொடங்கினார்.

"மிஷினு வேணாமா அக்கா?" என்றேன்.

"கை சூட்டுலதான் கண்ணு இது இளகும். மிஷினுக்கு ஏது சூடு?"

மஞ்சளாக இருந்த வெண்ணெய் வெளுத்து நுரைக்கும்வரை கை ஓயவில்லை. மகள் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினாள். கடைசிப் பையன், பாட்டிலில் திராட்சைச் சாற்றில் ஊறிய உலர்பழங்களை வடித்து மைதாவில் புரட்டினான். அப்படிப் புரட்டாவிட்டால் பழமெல்லாம் அடியில் போய்த் தங்கிவிடும். கனத்த அலுமினியக் குண்டானில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் பாத்திரத்தை இறக்கி, தட்டால் மூடி, அந்தத் தட்டின் மேல் தணலை அள்ளிப் போட்டார் அக்கா. கீழேயும் தணல், மேலேயும் தணல். கீழ்த்தணல் அதிகமானால் அடி தீயும். மேல்தணல் அதிகமானால் வெளியே வெந்து உள்ளே மாவாக நிற்கும். அரை மணிக்கொரு தடவை இடுக்கியால் இரண்டு கங்குகளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். வெந்ததா என்று பார்க்கத் தென்னை ஈர்க்குச்சி. குத்தி எடுத்து, குச்சியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சூட்டை வைத்துச் சொல்கிறார், கண்ணை வைத்துச் சொல்லவில்லை.

இதற்கு இணையாக மறு அடுப்பில் மாமியார் அச்சு முறுக்கு சுட்டார். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் எள்ளும் சேர்த்த மாவில், எண்ணெயில் காய்ந்த அச்சை முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மாவு அச்சின் தலைக்கு மேல் ஏறிவிட்டால் முறுக்கு கழன்று விழாது. கலகலாவும் அதிரசமும் அடுத்தடுத்த இரவுகளுக்கு. பண்டிகையன்று இவை எல்லாம் ஒரு தட்டில் சேர்ந்து, துணியால் மூடப்பட்டு, லைனில் உள்ள எல்லா வீட்டுக்கும் போகும். மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டிலிருந்து பொங்கலுக்கு அதே தட்டு நிறைந்து திரும்பும். இந்தத் தட்டுப் போக்குவரத்தைப் பற்றி அவர்கள் பெருமையாக ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. தட்டு யார் வீட்டில் தங்கிவிட்டது என்பதில்தான் கொஞ்சம் சச்சரவு.

நட்சத்திரம் செய்கிறவர் அதே வரிசையின் கடைசி வீட்டுப் பெரியவர். தோட்டத்தில் கவாத்து வேலை பார்த்து ஓய்ந்தவர். கவாத்துக் கத்தியாலேயே மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளைச் சமமாகச் சீவுகிறார். ஐந்து பிளாச்சு ஒரு நட்சத்திரம். அப்படி இரண்டு சட்டம் கட்டி, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் குச்சிகளைக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். அதற்குள்தான் பல்பு. மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்க்கிறார், பூச்சி அரிக்காமல் இருக்க. மலைப்பனியில் மெல்லிய தாள் இரண்டே நாளில் தொய்ந்துவிடும் என்பதால் வெளியே தொங்குவதற்குக் கண்ணாடித்தாள், வீட்டுக்குள் தொங்குவதற்குக் கலர்த்தாள். கடைத்தெருவில் பிளாஸ்டிக் எல்.இ.டி. நட்சத்திரம் வந்த பிறகு அவரிடம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்.இ.டி. கண்ணைக் குத்துகிறது. தாள் நட்சத்திரத்தின் வெளிச்சம் திண்ணை முழுக்கப் பரவுகிறது. எது அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு அந்த வீட்டில் மரப்பாசியை உரிப்பதில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சேர்வராயன் மலை ஆர்க்கிட் செடிகளுக்குப் பேர் போனது. அவற்றுக்காகவே 1963இல் தாவர மதிப்பாய்வுத் துறை ஏற்காட்டில் ஒரு தோட்டம் அமைத்தது. மரத்தில் பாசி இருந்தால்தான் ஈரம் இருக்கும், ஈரம் இருந்தால்தான் ஆர்க்கிட் வேர் பிடிக்கும். பாசிக்குப் பதிலாகப் பெரியவரின் பேத்தி டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் தகர டப்பா மூடிகளில் கேழ்வரகை விதைத்துவிடுகிறாள். பெத்லகேம் மேய்ச்சல் நிலம் பச்சைப் பசேலென்று வளர்ந்து நிற்கிறது. மலைப்பாறைக்கு, கரித்தூள் தடவிக் கசக்கிய சிமெண்டுச் சாக்குத் தாள்.

இவ்வளவு கைத்திறனும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறது: காசு. உலர்பழத்தை அக்டோபரிலேயே வாங்கி ஊறப் போட வேண்டும். அக்டோபரில் மலையில் அடைமழை. பறிப்பு தொடங்கியிருக்காது, கூலி குறைவு. முந்திரிக்கும் திராட்சைக்கும் வெண்ணெய்க்கும் அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்குகிறார். விடுதிகளிலிருந்தும் சேலத்துக் குடும்பங்களிலிருந்தும் ஆர்டர் வருவதோ இருபதாம் தேதிக்கு மேல், "நாளைக்கே வேணும்" என்று. அப்போது எத்தனை தணல் போட்டாலும் ஒரு குண்டானில் ஓர் இரவுக்கு இரண்டு கேக்குக்கு மேல் வேகாது. வருகிற ஆர்டரில் பாதியை இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். கடன் வட்டியோடு நிற்கிறது. பேக்கரி மாஸ்டருக்கும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. அவருடைய மகன் சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான்.

வாங்குகிற நம் பழக்கம் ஒன்று மாறினாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும் என்று நான் நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கோ புத்தாண்டுக்கோ ஏற்காடு போகிற எண்ணம் இருந்தால், அக்டோபரிலேயே தெரிந்தவர்கள் மூலம் ஒரு சிறிய பேக்கரியையோ வீட்டில் செய்கிறவர்களையோ விசாரியுங்கள். எத்தனை கிலோ வேண்டும் என்று அப்போதே சொல்லி, பாதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கூடவே ஒரு மூங்கில் நட்சத்திரமும் கேளுங்கள். பெரியவருக்கு அதைக் கட்ட ஒரு வாரம் வேண்டும்.