அல்கொன்குயின் இருட்டும் எங்கள் ட்றக்கின் பின் லைற்றும்

ரொறன்ரோவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான இருட்டு தெரியாது. தெருவிளக்கு, கடை விளக்கு, பக்கத்து வீட்டு வாசல் விளக்கு என்று இரவு முழுக்க ஏதோ ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். இருட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 400, 11 ஹைவேக்களில் வடக்கே போய் ஹன்ஸ்வில்லில் 60க்குத் திரும்ப வேண்டும். 1893இல் தொடங்கிய அல்கொன்குயின் பூங்காவுக்குள் இந்த 60 ஏறத்தாழ 56 கிலோமீற்றர் ஓடுகிறது. மேற்கு வாசலைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காடும் ஏரியும்தான். திடீரென்று ஒரு மூஸ் ரோட்டில் நிற்கலாம், மெதுவாகத்தான் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை வேலை முடித்து, பிள்ளைகளை ஏற்றி, ட்ரெயிலரையும் கொழுவிக்கொண்டு போனால், நாங்கள் பொக் லேக் முகாமுக்குப் போய்ச் சேர இரவு பத்து மணியாகிவிடும். பைன் மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய கிரவல் பாதை. எங்கள் இடத்துக்குள் ட்ரெயிலரை ரிவேர்ஸில்தான் விடவேண்டும். அந்த நேரத்திலும் பக்கத்து முகாம் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றுவார்கள். எங்கள் சின்னவனோ, வாகனம் நின்றவுடன் குதித்து ஓடுகிற ஆள்.

கனடாவில் 2018 மே மாதத்திலிருந்து தயாராகும் புதுக் கார்களுக்கும் சிறிய ட்றக்குகளுக்கும் பின் கமரா கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால் ட்ரெயிலர் கொழுவினால் அந்தக் கமராவில் தெரிவது ட்ரெயிலரின் மூஞ்சி மட்டும். கொம்பனி போட்டுவிட்ட ரிவேர்ஸ் லைற்றும் அந்த மூஞ்சியில்தான் விழுகிறது. ட்ரெயிலருக்குப் பின்னால் கும்மிருட்டு. போன வருஷம் மனைவி போன் ரோர்ச்சோடு பின்னால் நின்று, "நில்லுங்கோ, நில்லுங்கோ!" என்று கத்தினா. ஒரு சின்னப் பிள்ளை சைக்கிளில் குறுக்கே போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கத்தல் என் காதை விட்டுப் போகவில்லை.

இந்த வசந்த காலத்தில் அத்தானின் கராஜில் வேலை தொடங்கினோம். நாலு சின்ன எல்.ஈ.டி. லைற், ஒவ்வொன்றும் 18 வாற்ஸ். இரண்டு ட்றக் பம்பருக்கு, இரண்டு ட்ரெயிலரின் பின் மூலைகளுக்கு.

"தம்பி, உந்த ரிவேர்ஸ் வயரிலே நேரே கொழுவாதே. அது சின்ன பல்புக்கு எண்டு போட்ட வயர்" என்றார் அத்தான். அதனால் ஒரு ரிலே. பற்றரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த வயர் ரிலேயின் 30க்கு வரும். 87இலிருந்து லைற்றுக்குப் போகும். பழைய ரிவேர்ஸ் வயர் 86இல், 85 பொடிக்கு. ரிவேர்ஸ் வயர் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி, பாரம் முழுக்கப் பற்றரி வயரில்.

ட்ரெயிலருக்கு ஏழு முனை பிளக்கின் நடுமுனை உதவியது. பெரும்பாலும் ரிவேர்ஸ் சிக்னல் அதில்தான் வரும். ஆனாலும் மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டே கொழுவினோம். ட்ரெயிலரிலும் தனி ரிலே, அதன் சொந்தப் பற்றரியில். இங்கத்தைய ரோட்டு உப்பு வயரைத் தின்றுவிடும் என்பதால் எல்லா மூட்டுக்கும் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டோம்.

லைற்றைத் தரை பார்த்துச் சாய்த்து, மூலையில் உள்ளதைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினோம். நேரே வைத்தால் பின்னால் நிற்பவரின் கண் கூசும். தனி சுவிட்ச் போடவில்லை. அணைக்க மறந்து ஹைவேயில் வெள்ளை வெளிச்சத்தோடு ஓடினால் பின்னால் வருகிறவர் குழம்பிப் போவார். கியர் ரிவேர்ஸில் விழுந்தால் எரியும், பார்க்கில் போட்டால் அணையும்.

ஜூனில் பொக் லேக்குக்குப் போனபோது பைன் அடிமரம், கல், பக்கத்து இடத்தின் கயிறு எல்லாம் பக்கக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. அரை நிமிடத்தில் ட்ரெயிலர் உள்ளே. லைற் அணைந்தது. பழையபடி கும்மிருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மகள் மேலே பார்த்து, "அப்பா, அது முகிலா?" என்று கேட்டாள். பால்வீதி. ஸ்காபரோவில் அவள் ஒருநாளும் காணாதது. ஏரியில் ஒரு லூன் பறவை நீளமாகக் கத்தியது.

இவ்வளவு லைற் போட்டும் எங்கள் வீட்டு விதி மாறவில்லை. ஒருவர் பின்னால் நிற்கவேண்டும். அவரைக் கண்ணாடியில் காணாவிட்டால் வண்டி நிற்கவேண்டும். பிள்ளைகள் பிக்னிக் மேசையில் இருந்தபடி "இருக்கிறோம்!" என்று குரல் கொடுத்தால்தான் ரிவேர்ஸ்.

நீங்களும் கோடையில் ட்ரெயிலரோடு போகிற ஆட்கள் என்றால், வீட்டு ட்ரைவ்வேயில் ஒரு இரவு எஞ்சினை அணைத்துவிட்டுப் பிள்ளையை ட்ரைவர் சீட்டில் இருத்துங்கள். நீங்கள் போய் ட்ரெயிலருக்குப் பின்னால் நில்லுங்கள். "அப்பா எங்கே? காணேல்லையே!" என்று எங்கள் சின்னவன் கேட்டான். அன்றிலிருந்து அவன் மேசையை விட்டு எழும்புவதில்லை.